எந்தச் சண்டையில் முன்னேற்றம்?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வெளியே வரும்போது நம் ஐயம்பேட்டை நெசவாளிப் பெரியவர் ஒருவர் என்னை வழிமறித்தார். "சாமி, இலங்கையிலே சண்டை நடந்தப்போ தினமும் பேப்பர்ல ராணுவம் முன்னேற்றம், புலிகள் முன்னேற்றம்னு போட்டாங்களே. இருபத்தாறு வருஷமா ரெண்டு பேரும் முன்னேறிக்கிட்டே இருந்தா, கடைசியிலே எங்கேதான் போய்ச் சேர்ந்தாங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. அப்போதைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வாரம் முழுவதும் அது மனத்தை விட்டுப் போகாததால் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி என்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 செப்டம்பரில் அதை இராணுவம் பிடித்தது. மறு ஆண்டு மே 13ஆம் தேதி, வவுனியாவிலிருந்து அவ்வூர் வரை நெடுஞ்சாலையைத் திறந்துவிட வேண்டுமென்று 'ஜயசிக்குறு' என்ற பெரும் படையெடுப்பு தொடங்கிற்று. 'வெற்றி நிச்சயம்' என்பது அந்தச் சிங்களச் சொல்லின் பொருள். ஒன்றரை ஆண்டு மைல் மைலாகப் போய், 1998 செப்டம்பர் கடைசியில் மாங்குளத்தைப் பிடித்தார்கள். அதே நாள்களில் கிளிநொச்சி புலிகளின் கைக்குப் போய்விட்டது! சாலை எந்த ஊருக்காகத் திறக்கப்பட்டதோ அந்த ஊரே இல்லை. 1999 நவம்பரில், ஒன்றரை ஆண்டில் பிடித்த பூமியெல்லாம் சில நாள்களில் கைமாறியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வெற்றி என்று கொண்டாடினார்கள். ஒவ்வொரு முறையும் அவ்வூர் ஜனங்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வரைபடம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? நாம் ஒரே யுத்தம் என்று பேசியது ஒரே யுத்தம் அன்று என்பதே காரணம். அரசுக்கும் புலிகளுக்கும் நடந்தது ஒன்று. தமிழ் இயக்கங்களுக்குள்ளேயே நடந்தது இன்னொன்று. 1986இல் டெலோ இயக்கத்தாரைப் புலிகள் அழித்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் ஈ.பி.ஆர்.எல்.எஃப். மீதும் பாய்ந்தார்கள். அந்தப் பகை கடல் தாண்டி வந்து 1990 ஜூனில் நம் சென்னைக் கோடம்பாக்கத்திலேயே பத்மநாபாவையும் உடனிருந்தவர்களையும் பலிகொண்டது. 1987இல் போன இந்திய அமைதிப்படையும் ஒரு யுத்தத்தில் சிக்கிக்கொண்டது. அதே ஆண்டுகளில் தெற்கே சிங்கள இளைஞருக்கும் சிங்கள அரசுக்கும் ஜே.வி.பி. கிளர்ச்சி என்ற பெயரில் பெருங்கொலை நடந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதினாயிரம் பேருக்கு மேல் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம்.

இச்சண்டைகள் தனித்தனியே ஓடியிருந்தால் தனித்தனியே கணக்குப் பார்க்கலாம். அவை ஒன்றையொன்று தின்று வளர்ந்தன. இந்தியப் படையை வெளியேற்ற வேண்டுமென்று பிரேமதாசா அரசு 1989இல் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியது. ஒரு கணக்கில் இது முன்னேற்றம். ஜூனில் அந்தப் புலிகளே அரசோடு யுத்தம் தொடங்கினார்கள். 2004இல் கருணா பிரிந்தபோது வெருகல் கரையில் தமிழ்ப்பிள்ளைகள் தமிழ்ப்பிள்ளைகளைக் கொன்றார்கள். 2007இல் கிழக்கைப் பிடிக்க அரசுக்கு வழிவிட்டது அந்தப் பிளவுதான். படைத் தலைமையகத்தில் அதை வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். மட்டக்களப்பில் ஒரு தாய் அதை எந்தக் கணக்கில் எழுதுவாள்?

நெசவாளிகளாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா. இன்று எத்தனை முழம் ஓடியது என்று முதலாளி கேட்கிறார். கரையும் உடலும் இழைக்கு இழை பின்னிக்கொள்ளாவிட்டால் எத்தனை முழம் ஓடி என்ன? சேலை கரையோரமாகவே கிழிந்துவிடும். (கூலி என்னவோ முழத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள் என்று ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அது வேறு ஞாயிறுக்கு.)

குருமடத்தில் நியாயமான யுத்தத்தின் நிபந்தனைகளைப் படித்தோம். வெற்றிக்குத் தகுந்த நம்பிக்கை இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். எந்தச் சண்டையில் வெற்றி என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. யுத்தம் செய்கிறவனும் முடிவில் சமாதானத்தையே நாடுகிறான் என்று அர்ச். அகுஸ்தீனார் கற்பித்தார். அப்படியானால் அளவுகோலும் சமாதானத்திலிருந்துதானே வரவேண்டும்? வியட்நாமில் அமெரிக்கர் எதிரியின் பிணங்களை எண்ணி முன்னேற்றத்தை அளந்தார்கள். எண்ணிக்கை பெருகிற்று. 1975இல் சைகோன் போயிற்று.

வன்னியில் உயிரோடிருந்தவர்களை எண்ணுவதிலேயே தகராறு. 2009 தொடக்கத்தில், சண்டைக்குள் அகப்பட்டவர்கள் எழுபதாயிரம் பேர்தான் என்று அரசு சொல்லிற்று. வெளியே வந்து முகாம்களில் சேர்ந்தவர்களோ 2,80,000க்கு மேல். உள்ளே புலிகள், தப்பி ஓட முயன்ற சொந்த ஜனங்களையே சுட்டதை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. பெரும்பாலோர் மாண்டது அரசின் குண்டுவீச்சில் என்றும் அதே குழு சொன்னது. அவ்வாண்டு ஜனவரியில் மன்னார் மேற்றிராணியார் இராயப்பு ஜோசப் ஆண்டவர்கள் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் அரசாங்கக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் 4,29,059 பேர். 2009 ஜூலை வரை அரசுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது? அத்தனை பேரும் மாண்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பதில் சொல்லுங்கள் என்றார். 2021 ஏப்ரல் 1ஆம் தேதி அவர் காலமானார். பதில் வந்து சேரவில்லை.

நிற்க. 2009 மே மாதம் ஒன்றுமே தீரவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு ஒரு பிள்ளையென்று பிடித்துப் போவது நின்றது. கொழும்பில் பேருந்து ஏறிய தகப்பன் மாலையில் வீடு திரும்புவானா என்ற பயம் நின்றது. சிங்களத் தாயின் நிம்மதியும் நிம்மதிதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த ஒரு சண்டை நின்றதைக் கொண்டு மற்றவையும் தீர்ந்தனவென்று எழுதிவிட முடியாது.

துரத்தப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்பிப் பயமில்லாமல் தூங்குகிறானா? என் புத்திக்கு எட்டிய அளவுகோல் இதுதான். மடு மாதா கோயிலைப் பாருங்கள். 1999 நவம்பரில் அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் மீது குண்டு விழுந்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் மாதா சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிச் சென்றார்கள். மூன்று வாரம் கழித்து மடுவைப் பிடித்ததாக இராணுவம் அறிவித்தது. வீட்டைப் பிடித்தார்கள், வீட்டுக்காரி அங்கே இல்லை. ஆகஸ்டில் சுரூபம் திரும்பியது. சுற்று ஊர்களின் ஜனங்களோ அப்போது முல்லைத்தீவுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

புத்தளத்துக்குப் போன முஸ்லிம்களில் பலர் இன்னும் திரும்பவில்லை. நம் தமிழ்நாட்டு முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். யுத்தம் முடிந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் இருந்தார்கள். பெரியவரே, அடுத்த முறை பத்திரிகையில் எந்த நாட்டு முன்னேற்றத்தைப் படித்தாலும் இவர்களை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று முறை பிடிபட்ட அதே கிளிநொச்சியில், 2017 பிப்ரவரி 20ஆம் தேதி, காணாமற்போனவர்களின் தாய்மார் கந்தசுவாமி கோயிலருகே படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேற்றிராணியார் கேட்ட அதே கணக்கைத்தான் அவர்களும் கேட்கிறார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு பெயரைச் சொல்லி. கேட்டபடியே கண்மூடிய தாய்மாரும் பலர்.