நூற்றுப் பதினான்கு வாக்குகள்

பெருந்தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் உள்ளம், கைக்கெட்டும் தொலைவில் நழுவிய வெற்றியை எண்ணி ஆறாது தவிப்பது ஏன்? நூலிழையில் நேர்ந்த தோல்வியில், ‘இன்னும் ஒரு தெரு நடந்திருந்தால், இன்னும் சில கதவுகளைத் தட்டியிருந்தால்’ என்னும் ஏக்கம் நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது.

சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் போத்தோங் பாசிர்த் தனித்தொகுதி இத்தகைய முடிவைக் கண்டது. 1984 முதல் அத்தொகுதியின் உறுப்பினராய் இருந்த எதிரணியின் சியாம் சீ தோங், அவ்வாண்டு குழுத்தொகுதி ஒன்றில் போட்டியிடச் சென்றார். அவர்தம் துணைவியார் லினா லோ அங்கே நின்றார். மக்கள் செயல் கட்சியின் சித்தோ யி பின் 7,992 வாக்குகள் பெற்றார். லினா லோ 7,878 பெற்றார். வேறுபாடு 114. வென்றவர்க்கு வாக்களித்தோருள் 58 பேர் மனம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும்.

துயரத்தின் ஊற்று இந்தக் கணக்கே. கணக்கு உண்மைதான், ஆயின் அந்த 58 பேர் யாவர்? வாக்கு மறைவானது; எவரையும் சுட்ட இயலாது. அயலாரை ஐயுறுவதும் உடன் உழைத்தோரைப் பழிப்பதும் வெறும் ஊகத்திற்கு உள்ளத்தைப் பலியிடுவதாகும். நமக்குச் சாதகமாய் அமையும்போது மட்டுமே மக்கள் தீர்ப்பு நல்ல தீர்ப்பு என்றால், நாம் மதித்தது மக்களையா, வெற்றியையா?

‘அடுத்த முறை வெல்லலாம்’ என்பர் சிலர். அதற்கும் அத்தொகுதியிலேயே சான்று உண்டு. சியாம் அங்கே 1979இலும் 1980இலும் தோற்றே 1984இல் வென்றார். சித்தோவும் 2001இலும் 2006இலும் தோற்றே 2011இல் வென்றார். எனினும் இவ்வாறுதல் முழுமையானதன்று. லினா லோ 2015இல் மீண்டும் நின்றார். முன்னினும் பெரிய வேறுபாட்டில் தோற்றார். வருமென்று உறுதியில்லாத வெற்றியின்மீது ஆறுதலைக் கட்டுவது மணல்மேல் வீடு கட்டுவதேயாம்.

பின் எதைப் பற்றிக்கொள்வது? இழந்த 114ஐ அன்று, பெற்ற 7,878ஐ. அத்தனை பேர் வைத்த நம்பிக்கை, தோல்வியால் பொய்யாகிவிடவில்லை. அது தீர்க்கப்பட வேண்டிய கடனாக நிற்கிறது. லினா லோ தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினராக 2015 வரை மன்றத்தில் அமர்ந்து பணியாற்றினார். வென்றிருந்தால் கிடைத்திருக்கும் இடம் அதுவன்று; ஆயினும் தம்மை நம்பியோர்க்காகப் பேச அங்கும் இடமிருந்தது.

திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்னும் இயல் 25 அதிகாரங்களைக் கொண்டது. இறைமாட்சியில் தொடங்கும் அவ்வியல் இடுக்கண் அழியாமையில் முடிகிறது. அதற்கு முன் நிற்பது ஆள்வினையுடைமை. முயற்சியைக் கற்பித்த கையோடு, முயன்றும் துன்பம் வரின் கலங்காமையைக் கற்பிக்கும் வரிசை அது. மாணவர் மன்றத் தேர்தலில் இரண்டு வாக்கில் தோற்ற பிள்ளைக்கும் ஆசிரியர் இதனையே சொல்லலாம்: ‘வருந்துக, தவறில்லை. ஆயின் உன்னை நம்பிக் கைதூக்கியவர்களுக்கு நாளை நீ என்ன செய்யப்போகிறாய்?’