ஈகையும் ஒப்புரவும்

திருவனந்தபுரத்தில் அலுவல் முடித்துத் தனுவச்சபுரத்தில் இரயிலைவிட்டு இறங்கும் மாலைகளில் ஓர் ஐயம் எழுவதுண்டு: பிறர் கொடையால் எழுந்த வீட்டில் வாழ்வோன் என்றும் கடன்பட்டவனோ?

கேரளத்தில் 1972-இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய லட்சம் வீடு திட்டத்தில், நிலமற்ற தொழிலாளர்க்கு அரசு மனை தந்தது. பொதுமக்கள் நன்கொடை ஈந்தனர். தொண்டர்கள் கூலியின்றி உழைத்தனர்.

வள்ளுவர் ஈகைக்கு முன்னரே ஒப்புரவை வைத்தார். ஈகையில் கொள்வோன் கூசி நிற்றல் கூடும். கல்லும் மண்ணும் உடன் சுமக்கும் ஒப்புரவிலோ மேல், கீழ் இல்லை.

ஆயின் காலப்போக்கில் அவ்வீடுகளுட் பல சிதைந்தன. கட்டும் நாளில் திரண்ட கைகள் கூரை ஒழுகும் நாளிலும் வருமாயின், அங்கே கடனாளி எவருமிலர், அயலாரே உளர்.