யாருடைய கணுக்கால்?

மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் 1988 ஜூன் 25 அன்று மார்க்கோ வான் பாஸ்டன் அடித்த கோலைக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே சோவியத் யூனியன். இடப்பக்கத்திலிருந்து ஆர்னல்ட் மியூரன் உயரத் தூக்கிப் போட்ட பந்து, வலது ஓரத்தில், கோல் அடிக்கக் கோணமே இல்லாத ஓர் இடத்தில் இறங்கியது. வான் பாஸ்டன் அதைத் தரையில் விழவிடாமல் உதைத்தார். கோல்கீப்பர் ரினாத் தசாயெவைத் தாண்டிப் பந்து வலைக்குள் விழுந்தது. நெதர்லாந்தின் பயிற்சியாளர் ரைனஸ் மிஷல்ஸ் நம்ப முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதே மைதானம், 1993 மே 26. ஏ.சி. மிலானுக்காக, மார்செய் அணிக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். 0-1 தோல்வி. அதன்பின் எந்தப் போட்டியிலும் அவர் ஆடவில்லை. அப்போது வயது 28. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை அதற்குள் மூன்று முறை வாங்கியிருந்தார். இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பார்த்துவிட்டு 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கணுக்கால். 1986 டிசம்பரில் அயாக்ஸ் அணிக்காக ஆடும்போது, எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கத் தானே பாய்ந்து அதைக் கெடுத்துக்கொண்டார். முந்தைய பருவத்தில்தான் 26 லீக் ஆட்டங்களில் 37 கோல்கள் அடித்திருந்தார். அயாக்ஸின் பயிற்சியாளர் யோஹான் கிரைஃப். அவரும் முன்கள வீரராக இருந்து பயிற்சியாளரானவர்தான். 1982இல் 17 வயது வான் பாஸ்டன் முதன்முதலில் களமிறங்கியதே கிரைஃபுக்கு மாற்றாகத்தான். அன்றே ஒரு கோலும் அடித்தார்.

இப்போது இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு. லீக் ஆட்டங்கள் சிலவற்றிலும் பயிற்சியிலும் ஓய்வெடுத்துக்கொள்ளலாம், ஐரோப்பிய ஆட்டங்களுக்கு மட்டும் வந்துவிட வேண்டும். ஆடுவதால் காயம் மோசமாகாது என்ற நம்பிக்கையில் நடந்த ஏற்பாடு இது என்று வான் பாஸ்டன் பின்னாளில் விவரித்தார். 1987 மே 13 அன்று ஏதென்ஸில் நடந்த கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில் அயாக்ஸ் 1-0 என லைப்ஸிக் அணியை வென்றது. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்தவர், காயத்தோடு ஆடிய வான் பாஸ்டன்.

கிரைஃப் செய்தது சரியா?

கோப்பையைப் பார்த்தால் ஒரு பதில் வருகிறது. கணுக்காலைப் பார்த்தால் வேறு பதில். ஆனால் முடிவெடுத்த நாளில் கோப்பையும் தெரியாது, கணுக்காலின் கதியும் தெரியாது. காயம் ஆறியிருந்தால் அதே முடிவைத் துணிச்சல் என்று கொண்டாடியிருப்பார்கள். தன் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரைப் புகழலாமா, பழிக்கலாமா? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் எடுத்து விவாதித்தது இந்தக் கேள்வியைத்தான். வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரை உதாரணம் காட்டினார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் அவர் ஓட்டிய வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டு இறக்கிறது. வேடிக்கை பார்த்தவர்களும் வருந்துவார்கள்தான். ஓட்டுநரின் வருத்தம் வேறு மாதிரியானது. ‘உன்மேல் குற்றமில்லை’ என்று நாமே அவரைத் தேற்றுவோம். அவர் சட்டென்று தேறிவிட்டாலோ, இவர் என்ன மனிதர் என்று நினைப்போம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் நினைவுக்கு வருவான். பொற்கொல்லன் சொன்னதை நம்பிக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். உண்மை தெரிந்ததும், ஏமாற்றியவன் அவன்தானே என்று வாதாடவில்லை. அரியணையிலேயே விழுந்து இறந்தான். ஊழைப் பற்றி அவ்வளவு பேசும் சிலப்பதிகாரம், ஊழைக் காட்டி அரசனை விடுவிக்கவில்லை. நெதர்லாந்துக்காரர்களுக்கும் இது புதிதல்ல. 1618இல் டோர்ட் நகரில் கூடிய அவர்களுடைய திருச்சபைப் பேரவை, யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தேர்ந்துவிட்டார் என்று உறுதி செய்தது. மனிதன் செய்த பாவத்துக்கு மனிதனே பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொன்னது. விதி ‘ஏன் நடந்தது’ என்பதற்குப் பதிலாகலாம். ‘யார் பதில் சொல்வது’ என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

வான் பாஸ்டனின் வாழ்க்கை இந்தக் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் சந்தித்தது. அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள், இரவில் கழிவறைக்குத் தவழ்ந்து போகும் அளவுக்கு வலி. கடைசியில் மூட்டு எலும்புகளை ஒன்றாக இணைத்து அசைவையே நிறுத்திய பிறகுதான் நிம்மதி. பயிற்சியாளராக மாட்டேன் என்று சொல்லிவந்தவர், 2004இல் நாட்டின் தேசிய அணிக்கே பயிற்சியாளரானார்.

2006 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக அணி 0-1 எனப் பின்தங்கியிருந்தது. நாட்டின் பேர்பெற்ற ஸ்ட்ரைக்கர் ரூட் வான் நிஸ்டல்ரோயைக் கடைசிவரை பெஞ்சிலேயே உட்கார வைத்தார் வான் பாஸ்டன். ஒரு கோல் விழுந்து ஆட்டம் திரும்பியிருந்தால் உறுதி என்று எழுதியிருப்பார்கள். விழவில்லை, பிடிவாதம் என்றார்கள். 2008 ஐரோப்பியக் கோப்பையில் உலகச் சாம்பியன் இத்தாலியை 3-0, பிரான்ஸை 4-1 என்று வீழ்த்திய அணி, காலிறுதியில் ரஷ்யாவிடம் 1-3 எனத் தோற்றது. இரண்டு வாரங்களுக்குள் மேதை, தோற்றவர் என்ற இரு பெயர்களும் ஒரே மனிதருக்கு.

அந்த ஆண்டே அயாக்ஸின் பயிற்சியாளராக ஒப்பந்தமானபோது, கிளப்பின் இளையோர் பிரிவைச் சீரமைக்க கிரைஃபும் கூடவே வருவதாக இருந்தது. பயிற்சியாளர்கள் பலரை உடனே மாற்ற வேண்டும் என்றார் கிரைஃப். அவசரம் வேண்டாம், முதலில் நிலைமையைப் பார்க்கிறேன் என்றார் வான் பாஸ்டன். கிரைஃப் விலகிக்கொண்டார். பிறர் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவை எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட ஒருவரால் முடிந்தது. மற்றவருக்கு அது எளிதாக வரவில்லை. இது வெறும் சுபாவ வேறுபாடாகவே இருக்கலாம். ஆனால் காயத்தோடு களமிறங்கியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தத் தயக்கத்தில் நியாயம் தெரிகிறது. 22 வயதுப் பையன் சம்மதித்தான் என்பதால் மட்டும் கேட்டவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அந்த வயதில், குருவே கேட்கும்போது, மறுப்பவர் எத்தனை பேர்?

அயாக்ஸில் ஒரு பருவம், ஹீரன்வீனில் இரண்டு. பிறகு 2014இல் ஏ.இசட். அல்க்மார். அங்கே சில ஆட்டங்களுக்குள்ளேயே மன அழுத்தத்தாலும் நெஞ்சுப் படபடப்பாலும் விடுப்பில் போனார். செப்டம்பரில் தலைமைப் பொறுப்பை விட்டுக்கொடுத்து, அதே அணியில் உதவிப் பயிற்சியாளராகத் தொடர்ந்தார். வீரர்களோடு பயிற்சித் திடலில் நிற்பதை விடவில்லை. யார் ஆடுவது என்பதை மட்டும் இனி ஜான் வான் டென் பிரோம் தீர்மானித்தார்.