சீசன் டிக்கெட்

என்னிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. மூன்று வருடமாக அதே கோப்புதான், வருடத்துக்கு ஒரு தாள். முதல் வரிசையில் டென்வரிலிருந்து விடிகாலை கிளம்பினால் அன்றைக்கே திரும்பிவிடக்கூடிய பனிச்சறுக்கு மலைகளின் பெயர்கள்: கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், விண்டர் பார்க், காப்பர், அரபஹோ பேசின். அடுத்தடுத்த வரிசைகளில் எந்த மலை எந்த பாஸில் வரும், தூரம் எவ்வளவு, பார்க்கிங் எப்படி, என் மகள் விழாமல் இறங்கக்கூடிய சரிவு இருக்கிறதா. கடைசியில் ஒரு ஃபார்முலா. பாஸ் விலையை ஒரு நாள் டிக்கெட் விலையால் வகுப்பது. எத்தனை நாள் போனால் காசு தேறும் என்று அது சொல்லும்.

இன்று நள்ளிரவு விலை ஏறுகிறது. செப்டம்பர் மாதம், வெளியே இன்னும் அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு நடக்கலாம். ஆனால் பனிக்காலத்தை இப்போதே வாங்கியாக வேண்டும்.

இந்த ஊருக்குப் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கப் பனிச்சறுக்கு உலகத்தை இப்போது பெரும்பாலும் இரண்டு பாஸ்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. வேல் ரிசார்ட்ஸ் விற்கும் எபிக், அல்டெரா நிறுவனம் விற்கும் ஐகான். (வேல் என்று தமிழில் எழுதினால் அது ஏதோ முருகன் மலை மாதிரி இருக்கிறது. குன்றுதோறாடும் குமரனுக்குப் பாஸ் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் வித்தியாசம்.) 2025-26 பருவத்துக்கு எபிக் 1,051 டாலரிலும் ஐகான் 1,329 டாலரிலும் வசந்தகாலத்தில் விற்பனைக்கு வந்தன. தள்ளிப்போடப் போட விலை ஏறும். டிசம்பர் வந்தால் விற்பனையே நின்றுவிடும். அதற்குப் பிறகு மலையடிவாரத்துக்கு நேராகப் போய் ஒரு நாள் டிக்கெட் கேட்டால், கூட்டம் அதிகமான நாட்களில் வேல் மலையில் 300 டாலருக்கு மேல் கேட்பார்கள். ஒரு ஆளுக்கு, ஒரு நாளுக்கு.

ஆக, நாலு நாள் போனால் காசு தேறிவிடும். ஃபார்முலா அப்படித்தான் சொல்கிறது. அந்த 300 டாலர் டிக்கெட் விற்பதற்காக வைத்த விலையா என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. பக்கத்தில் இருக்கும் பாஸை மலிவாகக் காட்டுவதுதான் அதன் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவார்கள். வியாபாரி வந்து பூவைப் பார்த்து, ஒரு தொகை பேசி, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அப்புறம் காற்றடித்துப் பிஞ்சு உதிர்ந்தால் நஷ்டம் அவருடையது. தோப்புக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். 2008-ல் 579 டாலருக்கு எபிக் பாஸ் வந்தபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதற்கு முன் பனி பெய்தால் கூட்டம், பெய்யாவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். பாஸ் வந்த பிறகு பனி விழுமா என்ற கவலை வாங்குபவனுடைய கவலையாகிவிட்டது. வேல் ரிசார்ட்ஸின் லிஃப்ட் வருமானத்தில் இன்று பாதிக்கும் மேல் இந்தப் பாஸ்களிலிருந்துதான். நான் குத்தகைக்காரன். பூவைக்கூடப் பார்க்காத குத்தகைக்காரன்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வருமானம் நிலையாக இருந்தால் லிஃப்ட் ஓட்டுபவருக்குச் சம்பளம் நிலையாக வரும் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான். 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை யூட்டாவின் பார்க் சிட்டி மலையில் மீட்புப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 21 டாலர் ஆரம்பச் சம்பளத்தை 23 ஆக்கச் சொல்லி. மலையின் பெரும்பகுதி திறக்கவில்லை, திறந்த இடத்தில் லிஃப்டுக்கு நீள வரிசை. அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேருக்குத் தொழிலாளர் பக்கம் அனுதாபம் இருந்திருக்கும். ஆனால் பாஸ் வாங்கியவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் கம்பெனிக்குப் பெரிதாக என்ன போகும்? காசு ஏப்ரலிலேயே போய்விட்டது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய சிறு புத்தகத்தில், பிடிக்காத இடத்தில் ஒருவனுக்கு இரண்டு வழி என்கிறார்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. வெளியேறுவதை முன்பணமாக விற்றுவிட்டவனுடைய குரலுக்கு எடை குறைவு.

ஆனால் நான் எழுத வந்தது கம்பெனியைப் பற்றி அல்ல. போன ஜனவரியைப் பற்றி.

போன வருடம் ஏப்ரலிலேயே மூன்று பேருக்கும் பாஸ் வாங்கினேன். கோப்பில் 12 நாள் என்று இலக்கு போட்டிருந்தேன். டிசம்பர் கடைசியில் கணக்கு மூன்றில் நின்றது. அந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்திலிருந்து தங்கை அழைத்தாள். அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன், ஜனவரி மூன்றாவது வாரம். பெரிய விஷயமில்லை, அரை மணி நேரம்தான் என்றாள். "முடிஞ்சா வா, அவருக்குத் தெம்பா இருக்கும்."

போகவில்லை. ஆபீஸில் ரிலீஸ் இருக்கிறது என்று சொன்னேன். ரிலீஸ் இருந்தது, உண்மைதான். ஆனால் அதைத் தள்ளிவைத்திருக்கலாம், முன்பு தள்ளியிருக்கிறேன். அந்த வாரம் மார்ட்டின் லூதர் கிங் தின நீண்ட விடுமுறை. அதற்கு அடுத்த வாரமும் மலைக்குப் போவதாகத் திட்டம். ஊருக்குப் போனால் மூன்று சனிக்கிழமை காலி, இலக்கு கனவாகிவிடும். பாஸ் இருந்ததால்தான் அப்பாவைப் பார்க்கப் போகவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். ஆனால் அன்றிரவு நான் திறந்து பார்த்தது விமான டிக்கெட் பக்கத்தை அல்ல, எக்செல் கோப்பை.

தங்கை நாலு நாள் லீவு போட்டாள். அவளுடைய சம்பளத்தில் அது பிடித்தம்.

1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மிச்சிகனுக்குப் பனிச்சறுக்குப் பயணம், 100 டாலர் கட்டிவிட்டீர்கள். பிறகு விஸ்கான்சினுக்கு இன்னொன்று, 50 டாலர் கட்டிவிட்டீர்கள். விஸ்கான்சின்தான் அதிகம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒரே வார இறுதியில் வருகிறது என்று இப்போதுதான் கவனிக்கிறீர்கள். பணம் திரும்பக் கிடைக்காது. எங்கே போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டவர்கள் மிச்சிகனைச் சொன்னார்கள். அதிகம் பிடித்ததை விட்டுவிட்டு, அதிகம் கட்டியதற்குப் போனார்கள். அமிழ்ந்த செலவு என்று பாடப்புத்தகத்தில் இதைப் படித்துப் பரீட்சையில் மார்க் வாங்கியவன் நான். படித்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் கிரீக் பீக் என்ற சிறிய மலைக்கு விலை வைப்பதில் ரிச்சர்ட் தேலர் ஆலோசனை சொன்ன கதையை அவருடைய புத்தகத்தில் படித்திருக்கிறேன். பத்து டிக்கெட் கொண்ட கட்டை, பருவம் தொடங்கும் முன்பே தள்ளுபடியில் விற்றார்கள். வாங்கிய பலர் பத்தையும் பயன்படுத்தவில்லை. அப்படி மிச்சம் வைத்தவர்கள் மலையைக் குறை சொல்வதில்லை. தங்களைத்தான் திட்டிக்கொள்வார்கள். இந்த இடம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நான் என்னைத் திட்டிக்கொள்வதற்குக் காரணம், எனக்கு நானே ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நினைப்பதுதான். அப்படி ஒரு வாக்கு உண்மையில் உண்டா?

தாமஸ் ஹாப்ஸுக்கு இதில் சந்தேகமே இல்லை. முடிச்சைப் போட்டவன் கையிலேயே அவிழ்க்கும் உரிமையும் இருந்தால் அது கட்டே இல்லை என்பது அவர் வாதம். ஏப்ரலில் நான் என்னைக் கட்டினேன், ஜனவரியில் நானே அவிழ்த்துக்கொள்ளலாம், பிராது கொடுக்க ஆளில்லை. டெரெக் பார்ஃபிட் 1984-ல் வேறு பக்கமிருந்து வந்தார். தூரத்து எதிர்காலத்தில் இருக்கும் நான், இன்றைய எனக்குக் கிட்டத்தட்ட இன்னொரு ஆள் மாதிரி என்றார். சிகரெட்டை ஆரம்பிக்கும் பையன் ஐம்பது வயதுக்காரனுக்குச் செய்வது வெறும் மடத்தனம் இல்லை, அடுத்தவனுக்குச் செய்யும் தீங்கைப் போன்றது என்று அவர் வாதம் போகும். ஏப்ரல்காரன் ஜனவரிக்காரனைக் கேட்காமல் அவன் சனிக்கிழமைகளை எல்லாம் எழுதி வாங்கிவிட்டான் என்று இதை நான் படித்துக்கொள்கிறேன்.

இரண்டையும் படித்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இருவர் கணக்கிலும் ஒரே ஆள்தான் வருகிறான், அதிகம் போனால் அவனே இரண்டாக. என் வீட்டில் மூன்று பாஸ்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை நாலே முக்கால் மணி. ஐ-70 சாலையில் ஆறு மணிக்கு மேல் போனால் வண்டி நகராது என்பதால் அந்த நேரம். மகளுக்கு ஒன்பது வயது. முந்தின நாள் இரவு முழுக்க இருமல், காய்ச்சல் இல்லை. நான் ஷூவையும் ஹெல்மெட்டையும் வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்று கேட்டாள்: "அப்பா, இன்னிக்கு நான் வரலைன்னா எவ்ளோ வேஸ்ட் ஆகும்?"

ஒரு எண்ணை எதிர்பார்த்துத்தான் கேட்டாள். என்னிடமும் எண் இருந்தது. அவளுடைய பாஸ் விலையை அதுவரை போன நாட்களால் வகுத்தால் வருவது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மனைவி சமையலறையிலிருந்து, "நீ இதை அவளுக்காக வாங்கினியா, உனக்காகவா?" என்று கேட்டாள். சண்டைக் குரல் இல்லை. தெரிந்துகொள்ளும் குரல்.

அன்றைக்குப் போகவில்லை. பருவம் முடியும்போது கணக்கு ஒன்பதில் நின்றது. காசு தேறிவிட்டது, இரண்டு மடங்குக்கும் மேல்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாஸ் இல்லாவிட்டால் நாங்கள் ஒன்பது நாள் போயிருக்க மாட்டோம். ஒரு நாள்கூடப் போயிருப்போமா என்று தெரியவில்லை. அரக்கோணத்தில் பிறந்த எவனும் 300 டாலர் கொடுத்து மலையிலிருந்து வழுக்கி விழ மாட்டான். முதல் வருடம் குழந்தைகளுக்கான தரைவிரிப்பு லிஃப்டில் அழுத என் மகள், இன்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்குகிறாள். அது கட்டிவைத்ததால் கிடைத்தது. நாமாக விருப்பப்பட்டு எதையும் தொடர்ந்து செய்யக்கூடியவர்கள் இல்லை, அதனால்தான் தீபாவளிச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. ஆகவே கட்டே கூடாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட வாக்குக்கு வட்டி கட்டியது தங்கையும் மகளும். அவர்கள் பெயர் எந்த ஃபார்முலாவிலும் இல்லை.

ஜூனில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இந்தப் பாஸ் விஷயத்தைச் சொன்னேன், ஜனவரி ரிலீஸ் கதையைத் திருத்தியும் சொன்னேன். அவர் ஜனவரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சீசன் டிக்கெட்டா?" என்றார். அப்பா முப்பத்தோரு வருடம் அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்கு மாத சீசனில் போய்வந்தவர். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டையும் டிக்கெட்டும் எப்போதும் இருக்கும். எத்தனை நாள் போனால் காசு தேறும் என்று அவர் கணக்குப் போட்டதே இல்லை, போகாமல் இருக்கும் வாய்ப்பு இருந்தால்தானே கணக்கு.

பிறகு அவரே சொன்னார். மாதக் கடைசியில் ரிட்டயர் ஆனார். சீசன் பத்தாம் தேதி எடுத்தது, ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அதில் ஒரு நாள் கிளம்பி மெட்ராஸ் போனாராம். ஏழு மணி வண்டியில் இல்லை, பத்து மணிக்கு மேல். உட்கார இடம் கிடைத்தது, ஜன்னல் ஓரம். சென்ட்ரலில் இறங்கி, ஒரு டீ குடித்து, பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார்.

"மிச்சம் எட்டு நாள்?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும்டா."

மணி இப்போது பதினொன்று நாற்பது. மனைவியிடம் நேற்றே கேட்டாயிற்று. அவளுக்கு முழுப் பருவ பாஸ் வேண்டாம், நாலு நாள் பாஸ் போதும், அதுவும் ஜனவரி முழுக்க எதையும் எழுதி வைக்காதே என்றாள். எனக்கும் நாலு நாள். இரண்டையும் இப்போதுதான் வாங்கினேன். மகளுடையது வண்டியில் அப்படியே நிற்கிறது. அவள் ஒன்பதரைக்கே தூங்கிவிட்டாள். இருபது நிமிடத்தில் விலை ஏறிவிடும். எழுப்பிக் கேட்கலாமா என்று அவள் அறை வாசல் வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் தோசை சாப்பிடும்போது கேட்க வேண்டும்.