இரண்டாம் மருந்தும் தவக்குலும்



இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் நெஞ்சுப் படபடப்பும் காரணமற்ற அச்சமும் அடங்கவில்லையென்றால், இது மருந்துக்கு அடங்கும் நோயல்ல, ஈமானில்தான் குறை என்று சில வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இம்முடிவு சரிதானா?

நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தம் சகோதரரின் வயிற்று நோயை முறையிட்டார். தேன் கொடுக்கும்படி ஏவினார்கள். கொடுத்தும் நோய் கூடிற்று என்று அவர் திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு முறையும் மீண்டும் கொடுக்கவே ஏவினார்கள், முடிவில் குணமாயிற்று. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. நோயின் பலத்துக்கு ஈடான அளவு மருந்து சேர வேண்டும் என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) இதற்கு விளக்கம் தந்தார்கள். முதல் வேளை பலிக்காததற்காக அந்த நோயாளியின் ஈமானை யாரும் எடைபோடவில்லை.

அச்ச நோய்க்கு முதலில் தரப்படும் எஸ்ஸிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை பலன் காட்ட 4 முதல் 6 வாரமாவது செல்லும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். போதாவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று சோதிப்பார். வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெட்டின் வகைக்கு மாற்றுவார். பஸ்பிரோன் அல்லது ப்ரீகாபலின் தருவார். எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் உளப்பயிற்சியையும் சேர்ப்பார். அல்ப்ரஸோலம் உடனே ஆறுதல் தரும். ஆனால் நாட்பட்டால் அதை விடமுடியாமல் போகும். அடுத்தவர் சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதும், உண்பதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ரமளானில் மருந்து வேளையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே.

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சத்தையும் வஸ்வாஸையும் சிகிச்சைக்குரியவையாகவே அதில் ஆராய்ந்தார். அந்த வழியை மறந்ததன் விலையை 2001 ஆகஸ்ட் 6இல் கண்டோம். ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓடித் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களது நோய் இதைவிடக் கடுமையானதுதான். ஆனால் நோயை மருத்துவத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டிலிருந்து வேலூர் பாகாயத்துக்கோ திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கோ மறுமுறை போவதென்றால் ஒரு நாள் கூலி போகும், ஊர்ப்பேச்சும் சேரும். பலர் முதல் மருந்தோடு நின்றுவிடுவது இதனால்தான். அப்படியானால் இங்கே சோதிக்கப்படுவது நோயாளியின் ஈமானா, நம்முடையதா? நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத்து. பஸ் செலவைக் கொடுத்து உடன் போவதும், போக முடியாதவருக்கு 14416 என்ற அரசின் இலவச மனநல ஆலோசனை எண்ணைச் சொல்லிக்கொடுப்பதும் அதில் சேர்ந்தவையே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கட்டிய கயிறு அறுந்தால் வேறு கயிறு தேடுவதும் தவக்குலுக்குள் அடங்கும். துஆவை ஒரு வேளையும் விடவேண்டாம், மருந்தையும் விடவேண்டாம்.

நோயுற்ற உள்ளங்களுக்கெல்லாம் அல்லாஹ் ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.