ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

அடியோடு கெட்டுப்போன பொருளால் மனிதனுக்கு அதிகத் தொல்லை இல்லை. அது போய்விட்டது என்று தெரிந்ததும் வேறு வழி தேடிக்கொள்கிறோம். தொல்லையெல்லாம் பாதி கெட்ட பொருளால்தான். நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை, நாளைக்குச் செய்யலாம். இந்தச் 'செய்யலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் காலம் தள்ளிவிடுகிறோம்.

எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாய்லர் இந்தப் பாதி கெட்ட ஜாதியைச் சேர்ந்தது. இப்போது எல்லாரும் 'கீசர்' என்கிறார்களே, அந்த மின்சாரப் பாய்லர்தான். 15 லிட்டர் பிடிக்கும், வயது 11. எழுபதைத் தாண்டிய என் தாயார் மார்கழிக் குளிரிலும் ஐந்து மணிக்குக் குளிக்கப் போவார். குழாயைத் திறந்தால் சில நாள் வெந்நீர் வரும். சில நாள் பச்சைத் தண்ணீர்தான்.

இதைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பது வெறும் சில்லறைக் கணக்குப் போலத் தோன்றும். சற்று நின்று யோசித்தால் அதற்குள் ஒரு தர்மப் பிரச்னையும் இருப்பது தெரியும்.

பழுது பார்ப்பதன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நம் வீடுகளில் முன்பு இருந்த செப்புப் பாய்லரை நினைத்துப் பாருங்கள். நடுவில் குழாய், அதற்குள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். ஓட்டை விழுந்தால் பற்றவைக்கிறவரிடம் கொடுத்து வாங்குவார்கள். பாட்டி வாங்கிய பாய்லரில் பேத்தி குளிப்பாள். தூக்கி எறியலாம் என்ற எண்ணமே எவருக்கும் வராது. பொருளைப் பேணுவது ஒரு பண்பு. புதிது புதிதாக வாங்கிக் குவிப்பது வசதிக்கு அடையாளமே தவிர அறிவுக்கு அடையாளம் அல்ல.

மின்சாரப் பாய்லருக்கும் இந்த நியாயம் ஓரளவு பொருந்தும். அதைப் பெரும்பாலும் கெடுப்பது தண்ணீரில் உள்ள உப்பு. கடினமான தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, சூடேற்றும் கம்பியின்மேல் ஓடுபோலப் படிகிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கம்பி தன்னையே எரித்துக்கொள்கிறது. அந்தக் கம்பியை மாற்றலாம். சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றலாம். தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. இரும்பைத் துரு தின்றுவிடாதபடி தன்னைத் தின்னக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது கரைந்து தீர்ந்தால் வேறு போடலாம். தொட்டியே துருப்பிடித்து உளுத்துப்போனால் மட்டும் வைத்தியம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் தெர்மோஸ்டாட்டை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்:

"சார், சூடு ஜாஸ்தியானா தானா நிறுத்தற கட்-அவுட் ஒண்ணு இருக்கு. அதுதான் அடிக்கடி விழுந்துடுது. அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடட்டுமா? இருநூறு ரூபாயோட முடிஞ்சுடும். அப்புறம் நிக்கவே நிக்காது."

அவர் கெட்ட மனிதர் அல்ல. என் செலவைக் குறைக்கவே பார்த்தார். ஆனால் விஷயமெல்லாம் அந்த வார்த்தைக்குள்தான் இருக்கிறது. பாய்லர் அடிக்கடி நின்றது அதன் நோய் அல்ல. உள்ளே நோய் இருக்கிறது என்று அது சொன்ன செய்தி. அந்த வாயை அடைத்தால் செய்தி நின்றுவிடும், நோய் நிற்காது. தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால் தண்ணீர் கொதிக்கும், அழுத்தம் ஏறும். அதை வெளியேற்ற வேண்டிய வால்வும் சுண்ணாம்பில் அடைபட்டிருந்தால் தொட்டி வெடிக்கும்.

சரித்திரத்தில் இப்படி ஓர் ஒட்டின் கதை உண்டு. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற சமயம். மிஸிஸிப்பி நதியில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பல் விக்ஸ்பர்க் துறையில் வந்து நின்றது. அதன் கொதிகலன்களில் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. புடைத்த தகட்டை அறுத்தெடுத்துச் சரியாகச் செய்ய வேண்டும் என்றார், பார்த்த தொழிலாளி. அதற்குச் சில நாள் ஆகும். கரையிலோ, சிறையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பும் போர்வீரர்கள் காத்திருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுக்கும். தாமதித்தால் வேறு கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே தகட்டின்மேல் ஓர் ஒட்டுப் போட்டுக்கொண்டு கப்பல் புறப்பட்டது. 376 பேருக்கு அனுமதி பெற்ற கப்பலில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஏப்ரல் 27 அன்று, விடியுமுன், மெம்பிஸ் நகரைத் தாண்டிய சிறிது தூரத்தில் கொதிகலன்கள் வெடித்தன. 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். கப்பல் தலைவரும் அவர்களில் ஒருவர். அந்த ஒட்டுத்தான் காரணமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் ஒட்டுப் போதும் என்று தீர்மானித்தவர்கள் ஓரிருவர். தளத்தில் படுத்துக் கிடந்த வீரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் வேற்றுமைக்கு இடமில்லை.

வீட்டிலும் நிலைமை இதுதானே? செலவைக் கணக்குப் பார்க்கிறவன் நான். வெயில் ஏறியபின் குளிக்கிறவனும் நான். ஐந்து மணிக்குக் குழாயடியில் நிற்கிறவர் என் தாயார். பழைய பொருளிடம் ஒருவன் வைக்கும் பாசத்துக்கு வேறொருவர் வட்டி கட்டுவது என்ன நியாயம்?

நண்பர் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார். "கோளாறு என்றதும் பொருளைத் தூக்கி எறிகிறவன், நாளைக்கு வயதான மனிதர்களையும் அப்படித்தானே நினைப்பான்?" கேட்பதற்கு அழகான வாதம். ஆனால் மனிதர் வேறு, பொருள் வேறு. மனிதருக்கு நாம் செய்வது கடமை. அவர் பயன்பட்டாலும் படாவிட்டாலும் அந்தக் கடமை தீராது. பொருளோ மனிதருக்காக இருப்பது. வயதான பாய்லரிடம் பரிவு காட்டுவதற்காக வயதான தாயைக் குளிரில் நிறுத்துவது முதியோரைப் போற்றுவதாகாது.

தாயாரிடமே கேட்டேன். பழையது, புதியது என்ற பேச்சே அவரிடம் இல்லை.

"விடியற்காலையிலே வெந்நீர் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லச் சொல்லு அவரை."

மெக்கானிக் பதில் சொல்லாமல் நின்றார். தொட்டியைத் திறந்து பார்க்கும்படி சொன்னேன். மெக்னீசியத் தண்டு இருந்த இடத்தில் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. அடியில் துருச் சேறு. இன்னும் ஒழுகவில்லை, ஒழுகும் நாள் தூரத்திலும் இல்லை. புதிது வாங்கினோம். தொட்டி நல்லபடியாக இருந்திருந்தால் மூன்றாவது தடவையும் மனமாரப் பழுது பார்த்திருப்பேன்.

ஆகவே, பழுது பார்ப்பது உயர்ந்ததா, மாற்றுவது உயர்ந்ததா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பழுது பார்ப்பதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று குறையைப் போக்குவது. மற்றொன்று குறை சொல்லும் வாயை அடைப்பது. இரண்டாவது வகை எப்போதும் மலிவாகக் கிடைக்கும், உடனே பலனும் தெரியும். காரியாலயங்களிலும் குடும்பங்களிலும்கூட இது தாராளமாக நடக்கிறது. முணுமுணுக்கிறவரை அதட்டி உட்கார வைத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். அவர் எதைச் சொல்லி முணுமுணுத்தார் என்று பார்த்துவிட்டு, அப்புறம் தீர்மானிக்கலாம், ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா என்று.