கூடுமிடம்

சார்ஜர் கேபிள் ஒன்று கெட்டுப்போகிறதென்றால், அது தன் நீளத்தின் நடுவில் கெடுவது மிகவும் அபூர்வம். முனையிலுள்ள பின்னோடு அது கூடுகின்ற இடத்திலே, ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட பிரதேசத்திலேதான் மேலுறை வெளுத்து, வெடித்து, உள்ளே ஓடும் செப்பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, ஈற்றில் மின்சாரம் நின்றுபோகிறது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையில் சி.டி.எச். ரோட்டின் இருமருங்கும் உள்ள செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு இது நன்கு புலப்படும்: கறுப்பு டேப் சுற்றியதும், பழைய பேனாவின் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டியதும், நூலால் இறுகக் கட்டியதுமாக மக்கள் கொண்டுவரும் கேபிள்கள் பெரும்பாலும் அந்த ஒரே இடத்தில்தான் நோயுற்றிருக்கின்றன. இரண்டு பொருள்கள் கூடும் இடமே ஏன் முதலில் தளர வேண்டும்? இக்கேள்வி யந்திர சாஸ்திரத்துக்கு மட்டும் உரியதன்று. ஜீவனுக்கும் ஈசுவரனுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நம் ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகள் செய்த விசாரத்தின் ஆணிவேரும் இதுவே என்பது என் துணிபு.

முதலில் செம்பின் சுபாவத்தைக் கவனிப்போம். கேபிளுக்குள் இருப்பது ஒற்றைக் கம்பியன்று. மிக மெல்லிய பல இழைகளை முறுக்கிய திரி. தடித்த கம்பியை வளைத்தால் அதன் வெளிப்புறம் மிகுதியாக நீளவேண்டியிருக்கிறது; மெல்லிய இழைக்கு அந்த நீட்சி சொற்பமே; ஆதலால்தான் இழைகளாக்கி முறுக்குகிறார்கள். ஆயினும், இந்த அளவுக்கு உட்பட்ட அழுத்தமானால் எத்தனை லட்சம் முறை வந்தாலும் பாதகமில்லை என்று எஃகைக் குறித்துச் சொல்லக்கூடிய காப்பெல்லை செம்புக்குக் கிடையாது. ஒவ்வொரு வளைவும் அதன் ஆயுளில் ஒரு சிறு பங்கைக் கழித்துக்கொண்டே வருகிறது. வளைய வளையச் செம்பு இறுகுகிறது. இறுகியது விரிசல் காண்கிறது. சில இழைகள் அறுந்தபின் எஞ்சியவையே மின்னோட்டம் முழுவதையும் சுமப்பதால் அவ்விடம் சூடேறுகிறது. கேபிள் எங்கணும் ஒரே விதமாக வளையுமானால் இந்தத் தேய்வு அதன் நீளம் முழுவதற்கும் பங்கிடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமலே இருந்துவிடும். பின்னோ சிறிதும் வளையாதது. கேபிளோ எங்கும் வளைவது. வளையாததும் வளைவதும் ஒரு கோட்டில் சந்திக்கையில் வளைவு அனைத்தும் அக்கோட்டிலே வந்து குவிகிறது. ஒன்றின் இயல்பு முடிந்து மற்றொன்றின் இயல்பு தொடங்குகின்ற அந்த மாற்றம் திடீரென்று நிகழ்வதே நோய்க்கு மூலம்.

இந்த மூலத்தை அறியாமல் செய்யும் வைத்தியம் நோயை இடம் மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. கெட்டியான பசையைப் பூசி அந்த இடத்தைக் கல்லாக்கினால் கேபிள் அங்கே வளையாதுதான். ஆனால் பூச்சு முடிகின்ற விளிம்பில் புதிதாக ஒரு கூடுமிடம் உண்டாகி, அடுத்து அங்கே அறுகிறது. நல்ல கேபிளில் பின்னை அடுத்திருக்கும் ரப்பர் கழுத்தை உற்று நோக்கினால் அதைச் செய்தவரின் புத்தி நுட்பம் விளங்கும்: பின்னின் பக்கம் அது தடித்து உறுதியாகப் பற்றியிருக்கிறது, கேபிளின் பக்கம் போகப்போக மெலிந்து, குறுக்கே இட்ட வெட்டுகளால் இளகி, முடிவில் கேபிளைப் போலவே வளைந்துகொடுக்கிறது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை வாங்கி வீட்டிலேயே இடுகின்றவர்களும் இதே முறையைக் கைக்கொள்ளலாம்: பின்னிலிருந்து தொடங்கி முதலில் நீளமான ஒரு துண்டையும், அதன்மேல் அதைவிடக் குட்டையான துண்டையும், அதன்மேல் இன்னும் குட்டையானதையும் சூடு காட்டிச் சுருக்கினால், தடிப்பு படிப்படியாகக் குறைந்து கேபிளில் கலந்துவிடும். இதைக் கேபிள் புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். அறுந்த இழையை எந்த உறையும் சேர்த்து வைக்காது. அதை வெட்டிப் பற்றவைப்பது தவிர வேறு வழியில்லை.

திடீர் மாற்றமே முறிவுக்குக் காரணம் என்பதை மேல்நாட்டார் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றனர். 1842 மே 8-ஆம் தேதி வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் தீப்பற்றி, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டில் ஸ்காட்லாந்தின் இளம் பொறியாளர் ராங்கின், இத்தகைய அச்சுகள் விட்டம் மாறும் மூலையில்தான் மெல்ல மெல்ல விரிசல் கண்டு முறிகின்றன என்று ஆராய்ந்து, அம்மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாக்க வேண்டும் என்று எழுதினார். 1856 ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து ஆவடி வழியே வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியபோது அந்த அறிவு உலகில் பிறந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துக்கு முன் நிற்கும் தொழிலாளி, தண்டின் விட்டம் குறையும் மூலையில் ரேடியஸ் விட்டுக் கடைகிறாரென்றால், அவர் கையில் இயங்குவது அந்த ஞானமே.

இனி, என் மனத்தில் உள்ள கேள்விக்கு வருகிறேன். நம் தரிசனங்களில் சம்பந்தம் என்பதையே ஒரு பதார்த்தமாக எடுத்து ஆராய்ந்தவர்கள் வைசேஷிகர். பிரிந்திருந்தவை கூடுவதை அவர்கள் சம்யோகம் என்றும், நூலும் ஆடையும்போலப் பிரியாதவற்றின் சேர்க்கையைச் சமவாயம் என்றும் வகுத்து, சமவாயத்தைத் தனியான ஒரு பொருளாகக் கொண்டனர். சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இதை மறுக்கிறார்: இரண்டைச் சேர்க்க மூன்றாவதொன்று வேண்டுமாயின், அந்த மூன்றாவதை முதல் இரண்டோடும் சேர்க்க வேறொன்று வேண்டும், அதற்கும் பிறிதொன்று வேண்டும், இவ்வாறு முடிவில்லாத அநவஸ்தை நேரும். இராமாநுஜரும் சமவாயத்தை ஏற்கவில்லை. உயிர் ஈசுவரனுக்குச் சரீரமாகி, அவனை விட்டு ஒருபோதும் தனித்து நில்லாமையால் அது அப்ருதக்சித்தம் என்று அவர் நிலைநாட்டினார். அப்படியானால், என்றும் பிரியாத இரண்டுக்கு இடையே திருமகளாகிய தாயார் எதற்கு, ஆசாரியன் எதற்கு, இடைநின்று சேர்த்துவைக்கும் புருஷகாரம் எதற்கு? எங்கும் நிறைந்து அந்தரியாமியாய் நிற்கும் கருணைக்கடலை நேரே அடைய என்ன தடை? பக்தி உள்ளம் படைத்த பலரும் கேட்கும் கேள்வி இது, இலேசாகத் தள்ளத்தக்கதன்று.

இதற்குப் பூந்தமல்லி ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்வூரில் 11-ஆம் நூற்றாண்டில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். வைசிய குலத்தில் தோன்றி, காஞ்சி வரதராஜனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்து, அப்பெருமானோடு உரையாடும் பேறு பெற்றவர் என்று குருபரம்பரை அவரைப் போற்றுகிறது. 1017-ல் ஸ்ரீபெரும்பூதூரில் தோன்றிய இராமாநுஜர் தம் ஐயங்களை வரதனிடம் நேரே வைக்காமல் நம்பிகள் வாயிலாகவே விண்ணப்பித்தார். குலத்தின் பெருமையாலோ வாதத்தின் வலிமையாலோ நம்பிகள் அந்த இடத்தில் நிற்கவில்லை என்பதைப் பூந்தமல்லியில் அவர் சந்நிதியைச் சேவிக்கும்போதெல்லாம் எண்ணி வியக்கிறேன். விசிறி வீசுகின்ற கையின் பணிவே அவருக்கு யோக்கியதை.

அந்த யோக்கியதையை இலக்கணப்படுத்தியவர் 13-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பிள்ளை லோகாசாரியர். இடைநின்று சேர்ப்பவர்க்குக் கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம் என்னும் மூன்று குணங்கள் வேண்டும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் அவர் வகுத்தார். பாரதந்திரியமும் அநந்யார்ஹத்வமும் ஈசுவரனை நோக்கியவை: அவனுக்கே வசப்பட்டு, அவனுக்கே உரியராய், அவன் பக்கத்தில் அசையாமல் பற்றி நிற்றல். கிருபை உயிரை நோக்கியது: அதன் துக்கத்தைத் தாங்க மாட்டாமல் அதோடு கூட வளைதல். ஒரு முனையில் உறுதியும் மறுமுனையில் இளக்கமுமாக ஒரே வஸ்து இருக்கவேண்டும் என்று இங்கே சொல்லப்படுவதைப் படித்தபோது, ரப்பர் கழுத்தின் அமைப்பு எனக்கு விளங்கியதைவிட இது ஆழமாக விளங்கிற்று. ஈசுவரனுடைய ஸ்வாதந்திரியமும் நீதியும் வளையாதவை. கர்மவசப்பட்ட உயிர் கணந்தோறும் வளைவது. இவை ஒரு கோட்டில் சந்தித்தால் அறுவது எளிய பக்கமே. சங்கரர் காட்டிய அநவஸ்தையும் இங்கே தாக்காது: புருஷகாரம் தனக்கென விளிம்பு கொண்ட மூன்றாம் பொருளாக நில்லாமல், இருபுறத்து இயல்பையும் தன்னுள் தாங்கி நிற்பதால், அதைச் சேர்க்க நான்காவதொன்று வேண்டுவதில்லை. தாயார் புருஷகாரம் மட்டுமா, உபாயமும் ஆவாளா என்பதில் வடகலை, தென்கலை என்னும் இரு கலையாரும் வேறுபடுவர். அவள் புருஷகாரம் என்பதில் வேற்றுமையில்லை.

ஆனால் இங்கே கண்டிப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இடைநிற்பவர் தாமே இறுகிப்போவதைச் சமயங்களின் சரித்திரத்தில் எங்கும் காண்கிறோம். குலத்தையும் அதிகாரத்தையும் காட்டி, கோயில் வாயிலில் ஓர் ஏழையைத் தடுத்து நிறுத்துபவர் ஈசுவரனுக்கும் அவனுக்கும் நடுவே கெட்டிப் பசையைப் பூசுகிறார். அங்கே கிருபை இல்லை. ஆதலால் புருஷகாரமும் இல்லை. அந்த ஏழையின் நம்பிக்கை அறுமானால், அது அறுவது அந்த விளிம்பில்தான். அதற்குப் பொறுப்பு அவனுடையதன்று.

நம்பிகள் வரதனிடமிருந்து கொண்டுவந்த விடைகள் ஆறு வார்த்தைகள் என்று பிரசித்தம். பரதத்துவம் தானே என்பதும், உயிரும் இறைவனும் வேறு என்பதும், சரணாகதியே உபாயம் என்பதும், சரணடைந்தவர்க்கு இத்தேகத்தின் முடிவிலேயே மோட்சம் என்பதும் அவற்றுள் அடங்கும். என் உள்ளத்தை எப்போதும் உருக்குவது வேறொன்று: அந்திம காலத்தில் நினைத்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை என்பது. உயிர் உடலை விட்டு நீங்கும் அந்தச் சந்தியில், நினைவு தடுமாறி நாக்குக் குழறும் வேளையில், பற்றிக்கொள்ளும் பாரம் முழுவதையும் பலமற்ற பக்கத்தின்மேல் வரதன் சுமத்தவில்லை. தந்தையின் மரணப் படுக்கையருகே, அவர் வாயில் நாமம் வரவில்லையே என்று கலங்கி நிற்கும் மகனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதலை நான் அறியேன்.

ஆறாவது வார்த்தை, பெரிய நம்பியை ஆசாரியராக அடைக என்பது. நேரே வினவி நேரே விடை பெறத்தக்க நிலையிலும் வரதன் இன்னொருவரையே காட்டினான். இராமாநுஜர் காஞ்சியிலிருந்து புறப்பட்டார்; பெரிய நம்பியும் அவரைத் தேடித் திருவரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்; இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்தனர். காஞ்சிக்குப் போய் வரதன் சந்நிதியில் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் தீட்சையைச் செய்யலாம் என்று ஆசாரியர் கூற, பெரிய நம்பியின் குருவான ஆளவந்தாரைத் தாம் சென்று சேர்வதற்குள் அவர் பரமபதித்துவிட்டதை நினைவூட்டி, இனி ஒரு கணமும் பொறுக்கமாட்டேன் என்று சிஷ்யர் வேண்டவே, அவ்வூர் ஏரிகாத்த ராமர் கோயிலின் மகிழமரத்தடியிலேயே அது நடந்தேறியது.